பதில் வரும்படி எழுது

அன்பு மகளுக்கு,

வாடிக்கையாளர்களுக்கு நீ மின்னஞ்சலில் அனுப்பும் செய்திமடலை நிதானமாக உட்கார்ந்து படித்தேன். பிழை எதுவும் இல்லை, படங்களும் நன்றாக இருக்கின்றன. ஆனால் புதுக் கிளை, விருது, இயக்குநரின் வாழ்த்து என்று எல்லாமே உங்கள் கம்பெனியின் பெருமைதான். படிக்கிறவருக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்று தேடினேன், கிடைக்கவில்லை.

உன் வாடிக்கையாளர் யார்? ஆலையில் கருவிகளுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரைக் கட்டி மேய்க்கும் மெயின்டனன்ஸ் மேனேஜர். மெஷின் நின்றால் முதல் போன் அவருக்குத்தான் போகும். அந்த மனிதர் ஒருவரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எழுது. உங்கள் சர்வீஸ் ஆட்களுக்கு அத்துபடியான காற்றுக் கசிவையே எடுத்துக்கொள்ளேன். கவனிக்காமல் விட்ட ஆலைகளில், கம்ப்ரஸர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே போவது உண்டு. அத்தனையும் மின்கட்டணம். உற்பத்தி இல்லாத நேரத்தில் கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடச் சொல். 2 நிமிடம் லோடு (காற்றை அழுத்தி), 6 நிமிடம் அன்லோடு (அழுத்தாமல் சும்மா) என்று மாறி மாறி ஓடினால், 8-ல் 2 பங்கு, அதாவது கால்வாசிக் காற்று கசிகிறது. அப்புறம் குழாய் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவுதான் மடல். இதைப் படித்தவர் அன்றைக்கே செய்து பார்ப்பார்.

"மார்ச் மாதச் செய்திமடல், இதழ் 3" என்ற தலைப்பை எடுத்துவிடு. "கம்ப்ரஸர் கசிவு: நீங்களே கணக்கிடலாம்" என்று வை. கைப்பேசியில் தலைப்பின் பின்பகுதி வெட்டுப்படும், அதனால் முக்கியமான சொல் முதலில் வரட்டும். அஞ்சல் பட்டியலில் தலைப்பை ஒட்டி மங்கலாக ஒரு வரி தெரியுமே, அதையும் நீயே எழுது. சும்மா விட்டதால் உன் மடலில் "சரியாகத் தெரியவில்லையா? இங்கே அழுத்தவும்" என்பது வந்து நிற்கிறது.

விஷயத்தைப் படத்துக்குள் வைக்காதே. பல அலுவலகங்களில் அனுமதி தரும்வரை படம் திறக்காது, வெறும் கட்டம்தான் தெரியும். மடல் ஏறக்குறைய 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அடிப்பகுதியை மறைத்துவிடும். மடல் வேண்டாம் என்பவர் விலகுவதற்கான இணைப்பை நீ வைத்திருப்பதும் அங்கேதான். விலக நினைப்பவருக்கு அது கண்ணில் படவில்லை என்றால் வேண்டாத அஞ்சல் என்று புகார் செய்யும் ஸ்பேம் பட்டனை அழுத்திவிடுவார். 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக அஞ்சல் அனுப்புகிறவர்களிடம் ஜிமெயிலும் யாஹூவும் கறாராக இருக்கின்றன: ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலக வழி வேண்டும், அஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். கடைசி மூன்றையும் உங்கள் ஐடி ஆளிடம் சொல்லிவிடு. முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து கேட்காதே. நம்மைத் தெரியாதவருக்கு அனுப்பித்தான் புகார் குவிகிறது.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கைப் பார்த்து மகிழவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம். 2021-ல் ஆப்பிள் தன் மெயிலில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, மடலைத் திறக்காதவருக்கும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. படம் இறங்குவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு என்பதால், திறக்காததும் திறந்த கணக்கில் சேர்ந்துவிடும். பதில் கடிதம் வருகிறதா, அதைப் பார். அதற்கு, "பதில் அனுப்ப வேண்டாம்" என்ற முகவரியிலிருந்து அனுப்புவதை முதலில் நிறுத்து. உன் பெயரில் அனுப்பு. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேள்: "உங்கள் ஆலையில் கசிவு எத்தனை சதவீதம் வந்தது?"

மாதம் ஒன்று போதும், கண்ணு. சொல்ல விஷயம் இல்லாத மாதம் அனுப்பாதே. பதில் எழுதுகிறவருக்கு அன்றே நீ எழுது, தெரியாததைக் கேட்டால் சர்வீஸ் ஆளை விட்டு போன் பண்ணச் சொல். அவர்கள் கேட்கும் கேள்விதான் உன் அடுத்த மடல். திருத்தியதை எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
அப்பா