கரண்டி பிள்ளைகள் கையில்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகள் சாப்பாட்டைப் பாதிக்கு மேல் பள்ளியிலிருந்து அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து என் வகுப்பில் நடப்பதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றே இருந்தேன்.

இந்த ஆண்டு முதல் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தட்டில் போடுவதை விட்டுவிட்டோம். ஆறு பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் ஒரு மேசை. பாத்திரங்கள் நடுவில் இருக்கும். வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நகர்த்த வேண்டும். முதல் வாரம் மேசையெல்லாம் சிந்தல். ஒரு பையன் பாதிப் பாத்திரத்தைத் தன் தட்டில் கொட்டிக்கொண்டான். கடைசியில் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நான் திட்டவில்லை, அடுக்களையிலிருந்து இன்னும் கொஞ்சம் வாங்கி வந்தேன், அவ்வளவுதான். மறுநாள் அவன் கரண்டியைப் பிடித்தபடி, தனக்குப் பிறகு எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜப்பானில் பிள்ளைகளே முறை வைத்து வகுப்புக்குப் பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறார். அங்கே பள்ளி உணவுக்கு 1954-லேயே சட்டம் வந்துவிட்டது.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு விஷயம். ‘இன்னும் ஒரு வாய்’ என்று சொல்லாமல் இருப்பது! என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு என்கிறார் எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர். புது உணவு ஒன்று பிடிப்பதற்குப் பத்துப் பதினைந்து தடவைகூட அது கண்ணில் பட வேண்டியிருக்கும். காயையே தொடாத ஒருத்தி, பக்கத்தில் இருந்தவள் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் அரைக் கரண்டி எடுத்தாள். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

மணி அடிப்பதுதான் பெரிய தொல்லை. வயிறு நிறைந்தது தெரியவே சுமார் 20 நிமிடம் ஆகும். எங்களுக்குக் கிடைப்பதே அவ்வளவுதான், அதிலும் கை கழுவப் பாதி போய்விடுகிறது. இன்னும் 10 நிமிடம் கேட்டிருக்கிறேன். கிடைக்கும்வரை விடப் போவதில்லை.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஏன் சாப்பிடவில்லை என்று ஒரு வாரம் கேட்காதே. யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், என்ன பேசினீர்கள் என்று மட்டும் கேள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி