சரிவுக்கு ஒரு செடி

உப்புவெளி,
ஆவணி மாதம்.

அன்பு மகளுக்கு,

போன கிழமை எடுத்தபோது இரண்டு நிமிசம்தான் கதைத்தாய். "எல்லாம் சரி அம்மா" என்றாய். முன்வாசல் சரிவில் மண் கரைந்து ஓடுகிறது, என்ன நடலாம் என்று வைகாசியில் கேட்டாயே, அதற்குத்தான் எழுதுகிறேன்.

நம் போகன்விலாவும் பத்துமணிப்பூவும் ரொறன்ரோப் பனியைத் தாங்காது. உனக்கு ஏற்றது ஃபுளொக்ஸ் சபுலாட்டா. வட அமெரிக்காவில் தானாக வளருகிற செடி. அரை அடிக்கு மேல் உயராது. நிலத்தோடு படர்ந்து ஒரு செடியே இரண்டடி அகலம் பிடிக்கும், மண்ணையும் பிடித்துவைக்கும். வசந்தத்தில் இலை தெரியாமல் ஊதா, வெள்ளை, றோஸ் என்று பூக்கும். பனிக்குக் கீழேயும் பச்சையாகவே கிடக்கும். செப்டம்பர் நடுப்பகுதிக்குள் நட்டுவிடு, நிலம் உறைய முன்னர் வேரோட வேண்டும். ஒன்றரை அடி இடைவெளி விடு. நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது, வேர் அழுகிவிடும்.

நீயே தனியாக நடப்போகிறாயா? அவர் மண்வெட்டி பிடிக்க மாட்டாரோ? முந்தி வீடியோவில் கதைக்கும்போது அவர்தான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இப்போது சுவரில் சாத்திவைத்துக் கதைக்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே வறண்ட கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. கிணறு இறங்கித் தண்ணீர் உவராகிவிட்டது. போகன்விலா மட்டும் மதில் முழுக்கக் கொட்டிப் பூத்திருக்கிறது. அதற்கு வறட்சிதான் பிடிக்கும், தண்ணீர் கூடினால் வெறும் இலைதான். தம்பி பாவம் பார்த்து ஊற்றுகிறான், நான் ஏசுகிறேன். ஆடி அமாவாசைக்குக் கோணேஸ்வரம் போனோம். பெரியம்மா அங்கேயும் வருகிறவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றித்தான் சொல்லுகிறா, சொந்த உழைப்பில் வீடு வாங்கினவள் என்று. எனக்கும் பெருமைதான். ஆனால் அவ்வளவு கெட்டிக்காரிக்குத் தாயிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையே.

சரி, தண்ணீர் தேங்கக் கூடாது என்று சொன்னேன்தானே? களிமண் என்றால் உக்கின இலைக்குப்பை கலந்து நடு. முதல் வருசம் பூக் குறைவாக இருந்தால் பிடுங்கிவிடாதே. பூத்து முடிந்ததும் கத்தரியால் பாதிக்கு வெட்டிவிடு, இல்லாவிட்டால் நடுவில் காய்ந்து வெறுமையாகும். சாப்பாட்டை விடாதே. முகம் மெலிந்துபோய்த் தெரிகிறது.

தையில் லீவு கிடைத்தால் வா. அவருக்கு வரமுடியாவிட்டால் நீ மட்டும் வா. ஏன் தனியே வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், பெரியம்மாவுக்கு நான் சொல்லிவைக்கிறேன். டிக்கெட்டுக்குக் காசு முட்டென்றால் என் காப்பு இரண்டும் சும்மாதான் கிடக்கிறது.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எடு, உனக்குக் காலை பத்தரை. அப்பா அந்த நேரம் செய்தி பார்ப்பார், நான் வெளித்திண்ணையில் இருந்து கதைப்பேன்.

இப்படிக்கு,
அம்மா