மெய் அட்டவணைக்கு அப்புறம் ஒரு பக்கம்: பாடத்திட்டக் குழுவினருக்குத் திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதமும் கணினி அறிவியலும் வகுத்துத் தரும் பெரியோர்களுக்கு, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலின் கடைசிப் பாடம் தனிநிலைக் கணிதம். அதன் பின்பாதியில் தருக்கம் வருகிறது: கூற்று, மறுப்பு, 'மற்றும்', 'அல்லது', 'எனில்', கூற்றுகள் மெய்யா பொய்யா என்ற எல்லா வாய்ப்புகளையும் வரி வரியாக எழுதிப் பார்க்கிற மெய் அட்டவணை. பிள்ளைகள் விரும்பிப் போடுகிற கணக்குகள். ஆனால் விஷயம் சூடுபிடிக்கிற இடத்தில் பாடம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம், எந்த நிரலும் ஓடி நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடும் பொது வழி கிடையாது என்கிற 'நிற்றல் கணக்கு' பற்றி ஒரே ஒரு பக்கம் சேர்க்கும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

போன வருடம் என் மாணவி ஒருத்தி பைத்தானில் எழுதிய ஒரு சின்ன நிரலைக் காட்டினாள். ஓர் எண்ணை வாங்கும். இரட்டை என்றால் பாதியாக்கும். ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டும். 1 வந்ததும் நின்றுவிடும். 27 கொடுத்தாள். 9232 வரை ஏறி, 111 படிகள் ஓடி, 1-க்கு வந்து நின்றது. "எந்த எண் கொடுத்தாலும் நிக்குமா சார்?" என்றாள். இன்றுவரை யாரும் அதை நிரூபித்ததில்லை என்றேன். "அப்போ, நிக்குமா நிக்காதான்னு பார்த்துச் சொல்ல ஒரு நிரல் எழுதிட்டா போதுமே சார்?"

பதினேழு வயதுப் பெண் கேட்ட கேள்வி இது. நான் சாக்பீஸை எடுத்தேன். வாசலில் வந்து நின்ற மூத்தவர் ஒருவர், "பரீட்சைக்கு வராததை ஏன் நடத்துறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தப் பாதி என்னை இன்னும் உறுத்துகிறது.

நான் எழுத நினைத்தது இவ்வளவுதான். 'நிற்குமா' என்று ஒரு செயற்கூறு, அதாவது உள்ளீட்டை வாங்கி விடை தரும் நிரல்துண்டு, இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த நிரலையும் அதன் உள்ளீட்டையும் கொடுத்தால், நிற்கும் அல்லது நிற்காது என்று தவறாமல் சொல்லும். இப்போது 'முரண்டு' என்று இன்னொரு நிரல். அதனிடம் ஒரு நிரலைக் கொடுத்தால், 'இந்த நிரலுக்கு இதன் வரிகளையே உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா?' என்று அந்தச் செயற்கூறிடம் கேட்கும். நிற்கும் என்று பதில் வந்தால், முரண்டு முடிவில்லாத மடக்கில், அதாவது அதே வரிகள் திரும்பத் திரும்ப ஓடுகிற சுழலில், போய் உட்கார்ந்துகொள்ளும். நிற்காது என்று வந்தால், உடனே நின்றுவிடும். சரி, முரண்டிடம் முரண்டையே கொடுத்தால்? நிற்கும் என்று சொன்னால் நிற்காது. நிற்காது என்று சொன்னால் நிற்கும். ஆகவே 'நிற்குமா' என்ற செயற்கூறை யாராலும் எழுத முடியாது. √2 விகிதமுறா எண் என்று காட்டுகிற அதே முரண்பாட்டு வழிதான். கரும்பலகையில் பாதி இடம் போதும்.

இதன் வேர் 1936-இல் இருக்கிறது. மெய் அட்டவணை எப்போதும் முடிந்துவிடும்: மூன்று கூற்றுக்கு 8 வரி, பத்துக் கூற்றுக்கு 1024 வரி, கை வலித்தாலும் விடை உண்டு. 'எல்லா', 'ஏதேனும் ஒன்று' என்ற சொற்களும் சேர்ந்த தருக்கத்துக்கு அப்படியொரு வழி உண்டா என்று 1928-இல் கணித அறிஞர்கள் ஹில்பெர்ட்டும் ஆக்கர்மனும் கேட்டிருந்தார்கள். கிடையாது என்று அமெரிக்காவில் அலோன்சோ சர்ச்சும் கேம்பிரிட்ஜில் ஆலன் டூரிங்கும் தனித்தனியே காட்டினார்கள். கட்டுரையை அனுப்பியபோது டூரிங்குக்கு 23 வயது. இன்று நம் மேசையில் இருப்பது போன்ற கணினி ஒன்றுகூட அப்போது கிடையாது. (மேலே சொன்ன வடிவம் பின்னால் வந்தது, டூரிங் எழுதியது சற்று வேறு.)

பழைய சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. டூரிங் தன் கட்டுரையில் கற்பனை செய்த எளிய பொறி, ஒரு நீண்ட நாடாவில் குறிகளைப் படித்து, எழுதி, நகரும்; அடுத்து என்ன செய்வது என்பதை அதன் 'நிலை' சொல்லும். வெற்று நாடாவில் தொடங்கி, 0, 1 என்ற இரண்டே குறிகளுடன் ஓடுகிற இந்த டூரிங் பொறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நிலைகள் மட்டும் கொண்டவற்றில், என்றாவது நிற்பவை அதிகபட்சம் 107 படிகள் ஓடும். ஐந்து நிலைகள் என்றால் 4,71,76,870 படிகள். அந்தப் பொறி 1989-லேயே கிடைத்துவிட்டது. அதற்கு மேல் ஓடி நிற்பது எதுவும் இல்லை என்று உறுதியானது 2024-இல்தான். இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எண்கணிதத்துக்கான எந்த முரணற்ற விதித்தொகுப்பிலும் நிரூபிக்கவோ மறுக்கவோ முடியாத கூற்று இருக்கும் என்கிற கோடலின் 1931 தேற்றத்தையும் சேருங்கள் என்று கேட்கமாட்டேன். அரைகுறையாகச் சொன்னால், கணிதத்தில் எதையும் நிரூபிக்க முடியாது என்று புரிந்துகொண்டு போய்விடுவார்கள். அது கல்லூரிக்கு இருக்கட்டும். ஆனால் நிற்றல் கணக்குக்கு வேண்டியதெல்லாம், கூற்று, மறுப்பு, செயற்கூறு, மடக்கு, உங்கள் இரண்டு நூல்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. கணிதம் ஒரு பக்கம், கணினி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருப்பதால் பிள்ளைகள் கண்ணில் படவில்லை.

இன்னொன்று, சொற்கள். ஆம், இல்லை என்று தவறாமல் விடை சொல்லும் வழி உள்ள கேள்வியை ஆங்கிலத்தில் 'டிசைடபிள்' என்பார்கள்; அதை நான் 'தீர்மானிக்கத்தக்கது' என்கிறேன். வேறு ஆசிரியர் வேறு சொல் சொல்லலாம். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை கல்லூரிக்குப் போய்த் தடுமாறாமல் இருக்க, ஒரு சொல்லை நீங்கள் நூலில் அச்சிட்டு நிலைநிறுத்த வேண்டும்.

இரண்டு பாடவேளைக்கான குறிப்பைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பரீட்சையில் கேட்கவில்லை என்றாலும் பரவாயில்லை. நூலில் இருந்தால், வாசலில் வந்து நிற்பவரிடம் பக்கத்தைத் திறந்து காட்டுவேன்.

வணக்கத்துடன்,
மேல்நிலைக் கணித ஆசிரியர் ஒருவர்