சண்டை முடிந்த பிறகு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் விக்டோரியா காலத்துப் பெண் ஓவியர்களைப் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் எலிசபெத் தாம்ப்சனை (கல்யாணத்துக்குப் பிறகு லேடி பட்லர்) ‘போரைப் போற்றியவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பள்ளியில் ஓவிய வாத்தியாராக இருந்தவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

1874இல் லண்டன் ராயல் அகாடமியில் (ஓவியர், சிற்பிகளின் சங்கம்) அவர் வைத்த ‘ரோல் கால்’ படத்தைப் பாருங்கள். பிரிட்டன் ரஷ்யாவோடு மோதிய கிரிமியப் போர்தான், ஆனால் எதிரியும் இல்லை, துப்பாக்கிப் புகையும் இல்லை. பனித்தரையில், உயரமான கரடித்தோல் தொப்பி போட்ட சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். யார் மிச்சம் என்று கணக்கெடுப்பு நடக்கிறது. ஒருவன் குப்புற விழுந்து கிடக்கிறான். பக்கத்தில் நின்றவன் குனிந்து, உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறான். போர்ப்படம் போடச் சொன்னால் என் மாணவர்கள் சிவப்புக் கலரைத்தான் முதலில் எடுப்பார்கள். இந்தப் படத்திலோ பெரும்பகுதி சாம்பல் நிறமும் வெள்ளையும்தான்.

அதைப் பார்க்க வந்த கூட்டத்தைச் சமாளிக்கப் படத்தருகே போலீஸ்காரரை நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் விக்டோரியா மகாராணியே அதைச் சொந்தமாக்கிக்கொண்டார். வரைந்தவருக்கு அப்போது வயது 27.

‘ஸ்காட்லாந்து ஃபாரெவர்’ (1881) படத்தில் குதிரைகள் நம் மேலேயே பாய்ந்து வருகின்றன. அதில் வீராவேசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1879இல் வரைந்த ‘ரெம்னன்ட்ஸ் ஆஃப் அன் ஆர்மி’யும் அவருடையதுதானே? 1842இல் காபூலிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை சின்னாபின்னமாக, மருத்துவர் பிரைடன் மட்டும் நடை தள்ளாடும் குதிரையில் ஜலாலாபாத்தை நெருங்குகிறார். என் மனக்குறை வேறு: அந்தப் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். படத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. கட்டுரையாளர் இதைக் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பேன்.

அப்புறம், கட்டுரையில் விட்டுப்போன ஒன்று. அதே 1879இல் ராயல் அகாடமி உறுப்பினர் தேர்தலில் அவர் இரண்டே ஓட்டில் தோற்றார். 1768இல் அகாடமியைத் தொடங்கியவர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பிறகு இன்னொரு பெண்ணை, இணை உறுப்பினராகவாவது, அகாடமி தேர்ந்தெடுத்தது 1922இல்தான். ஆனி ஸ்வின்னர்டன் என்பவரை. லேடி பட்லர் அப்போது உயிரோடுதான் இருந்தார், எழுபதைத் தாண்டிய வயதில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்