வாய்க்கால் கரையில் ஆள் நுழைய ஒரு வழி விடுங்கள்

வாய்க்கால்களுக்கும் அவற்றின் கரைகளுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாலத்தடியிலிருந்து பெரிய மதகு வரை போகிற கரையைப் பற்றித்தான் இந்த மடல். அந்த இரும்புக் கேட் எப்போது வந்தது, ஏன் வந்தது என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். மணல் வண்டிகளைத் தடுங்கள் என்று மனு கொடுத்தவர்களில் நாங்களும் உண்டு. கேட் வந்தது, பூட்டும் வந்தது. வண்டிகள் களத்துமேட்டுப் பக்கமாகப் புது வழி போட்டுக்கொண்டு சுகமாகப் போய்வருகின்றன. நின்றுபோனது எங்கள் நடை மட்டும்தான்.

இந்தக் காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றுத் தூக்கோடு கிளம்பிய குடும்பங்கள் கேட்டைத் தாண்ட முடியாமல் நின்றன. சாவி யாரிடம் என்று விசாரித்தால், ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டியது. அந்த இன்னொரு அலுவலகத்தில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடுமுறை நாள், புரிகிறது. எங்களுக்கும் அது விடுமுறை நாள்தான்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. கேட் இருக்கட்டும், பூட்டும் இருக்கட்டும். பக்கத்தில் இரண்டு கல் நட்டு, வண்டி நுழையாமல் ஆள் மட்டும் நுழைய ஒரு வழி விடுங்கள்.

ஜீப்பில் போகிறவர்களுக்கு அந்தக் கரையின் அருமை தெரிய வாய்ப்பில்லை என்பதால் கொஞ்சம் சொல்கிறோம். போக வர மூன்று கிலோமீட்டர் இருக்கும். நம் ஊரில் ஏற்றம் ஏது, இறக்கம் ஏது? முழங்கால் வலிக்கிற பாட்டியும் நடக்கலாம், நேற்று நடக்கப் பழகிய பேரனும் நடக்கலாம். ஒரு பக்கம் வெண்ணாற்றுத் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுநடுவே புங்கமர நிழல். ஐப்பசிக்குப் பிறகு காலையில் போனால் பார்க்க அவ்வளவு இருக்கும்.

நத்தைகுத்தி நாரையைப் பார்க்க எங்கள் பிள்ளைகளுக்குப் பைனாகுலர் வேண்டியதில்லை. அவ்வளவு கிட்டத்தில் மேயும். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். சேற்றில் அலகை விட்டுத் துழாவி, நத்தையைப் பிடித்து, சதையை மட்டும் உருவிக்கொண்டு ஓட்டைப் போட்டுவிடும். அந்த ஓடுகளைப் பொறுக்கிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்து, துணி துவைக்கிற நாளில் வாங்கிக் கட்டிக்கொள்ளாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. பாம்புத்தாரா உடம்பைத் தண்ணீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்தபடி நின்று, குறி பார்த்துச் செங்குத்தாகப் பாயும். விடிந்ததும் போகிறவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்கூடத் தென்படும். வலையைக் கிழிக்கிறது என்று மீன் பிடிக்கிறவர்களுக்கு அதன்மேல் தீராத கோபம். பிள்ளைகள் கட்சி வேறு.

கரையை மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணம் பொதுமக்கள் பாதுகாப்பு. சரி, கரையை விட்டால் மதகடிக்குப் போக வேறு வழி எது? மெயின் ரோடு. தை, மாசியில் அந்த ரோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது, ஓரத்தில் வைக்கோல். மீதிப் பாதியில் அறுப்பு மெஷினை ஏற்றிய லாரி, நெல் மூட்டை டிராக்டர், நேரத்தைப் பிடிக்கப் பறக்கிற மினி பஸ். காணும் பொங்கலன்று பிள்ளைகளை அந்த வழியாகத்தான் அழைத்துப் போனோம். பஸ் ஹார்ன் அடித்ததும் ஒதுங்க இடமில்லை. காய்கிற நெல்லில் கால் வைத்தால் நெல்லுக்காரர் திட்டுவார், அதுவும் நியாயம்தான். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மா சீமைக் கருவேல முள்ளுக்குள் இறங்கி நின்றார். பஸ் போன பிறகு அவர் புடவையை முள்ளிலிருந்து எடுத்துவிட இரண்டு பேர் தேவைப்பட்டது. குழந்தையின் கணுக்காலில் கீறல். மதகு வரை போகாமலே எல்லோரும் திரும்பினோம். கட்டுச்சோற்றை வீட்டுத் திண்ணையில் பிரித்தோம். இதற்குப் பெயர் பாதுகாப்பு.

“பறவைதானே, வடுவூருக்குப் போய்ப் பாருங்களேன்” என்றும் ஒரு பதில் கிடைத்தது. போயிருக்கிறோம், அருமையான இடம். 1999இல் சரணாலயமானது, 2022இல் உதயமார்த்தாண்டபுரத்தோடு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கோடியக்கரைக்கு அந்தப் பெருமை 2002லேயே வந்துவிட்டது. எல்லாம் நமக்குப் பெருமைதான். ஆனால் வடுவூர் ஏரியும் பாசன ஏரிதான், மேட்டூர்த் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. அங்கே தங்குகிற நாரையும் கொக்கும் இரைக்குச் சுற்றுவட்டாரத்து வயலையும் வாய்க்காலையும் தேடிப் போகின்றன. இரண்டு பஸ் மாறி, பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்கிற பறவை, எங்கள் தெருக்கோடியில் பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கிறது.

கேட்டில் இரண்டு பலகைகள் தொங்குகின்றன. ஒன்று “நீர்நிலைகளைப் போற்றுவோம்” என்கிறது. இன்னொன்று “அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்” என்கிறது. தூரத்தில் நின்று போற்ற வேண்டும் போலிருக்கிறது. மூன்றாவதாக, தூர் வாரும் பணிக்கு எவ்வளவு மதிப்பீடு என்று எழுதிய பலகை. வாரிய சேற்றைக் கரையிலேயே கொட்டியதும், முதல் மழையில் அது வந்த வழியே வாய்க்காலுக்குத் திரும்பியதும் ஊரறிந்தது. வெங்காயத் தாமரை ஷட்டரை அடைத்துக்கொண்டு நிற்பதையும், கடைமடைக்காரர்கள் நடவுக்குத் தண்ணீர் கேட்டு ரோட்டில் உட்கார்ந்ததையும் எழுத ஆரம்பித்தால் இந்த மடல் மனுவாகிவிடும். மனுக்களுக்கு என்ன நேரும் என்பது எங்களுக்குத் தெரியும். அதை விடுங்கள்.

உங்களுக்கு வேலை அதிகம், ஆள் குறைவு என்பதையும் அறிவோம். அதனால்தான் பூங்கா கேட்கவில்லை, செல்ஃபி மேடை கேட்கவில்லை, கைப்பிடிக் கம்பிகூடக் கேட்கவில்லை. தயவுசெய்து ஆள் நுழைய ஒரு வழி. ஜனவரி 28க்குப் பிறகு மேட்டூர்த் தண்ணீர் நின்று, எப்படியும் கரையில் பராமரிப்பு வேலை நடக்கும். அதோடு சேர்த்து அரை நாளில் முடிகிற காரியம் இது. ஜூன் 12க்குத் தண்ணீர் திறந்தால் அடுத்து ஆடிப்பெருக்கு. படித்துறைக்குப் பெண்கள் போகவும் அந்தக் கரைதான் வழி.

நிதி இல்லை என்றால் கல்லை நாங்களே வாங்கித் தருகிறோம், குழியும் நாங்களே வெட்டுகிறோம். அனுமதியை மட்டும் எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாலத்தடித் தெருக் குடும்பங்கள்