தலைப்பு வேண்டாம், ஒரு கேஸ் ஸ்டடி கொடுங்கள்

கல்லூரிப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ஆய்வும் எழுத்தும் கற்றுத்தரும் தாளில் இன்றைக்கும் ஆளுக்கொரு தலைப்பு, இத்தனை பக்கம், இந்தத் தேதிக்குள் என்றுதான் வேலை கொடுக்கிறோம். இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட நாலு பக்கங்களை வெட்டி ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. விடை தயாராகக் கிடைக்கிற தலைப்பைக் கொடுத்துவிட்டு ஆய்வு செய் என்றால் வேறென்ன செய்வார்கள்? நான்கு பேருக்கு ஒரே கேஸ் ஸ்டடியை, அதாவது உண்மையில் நடந்த ஒரு நிகழ்வையும் அதன் ஆவணங்களையும் கொடுத்து, சேர்ந்து ஆராயச் சொல்லும்படி இந்தத் தாளை மாற்றுங்கள்.

முறை புதிதல்ல. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பேராசிரியர் லாங்டெல் 1870-இல் வழக்குகளை வைத்தே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார்.

அமெரிக்க விண்கலமான சேலஞ்சரின் விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 ஜனவரி 28 அன்று கிளம்பிய 73 நொடிகளில் விண்கலம் சிதறி, ஏழு பேர் இறந்தார்கள். அதன் ராக்கெட்டின் இணைப்பில் குளிரில் விறைத்துப்போன ரப்பர் வளையம்தான் காரணம் என்று தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். சரி, அதோடு நிற்காமல் ஆவணங்களைப் பிரித்துக் கொடுப்போம். அந்த ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலி 1985 ஜூலையிலேயே தன் மேலிடத்துக்கு எழுதிய எச்சரிக்கையை ஒருவர் படிக்கட்டும். விசாரணை ஆணைய அறிக்கை இன்னொருவருக்கு. அதன் பிற்சேர்க்கையாக, ஆணையத்தில் இருந்த இயற்பியலாளர் ஃபைன்மன் எழுதியது மூன்றாமவருக்கு. விண்கலம் அழியும் வாய்ப்பு 100-இல் 1 என்று பொறியாளர்கள் பக்கமும், 1,00,000-இல் 1 என்று நாசா நிர்வாகத்தின் பக்கமும் கணக்குச் சொன்னதை அதில் பார்க்கலாம். வரைவு எழுதும் நான்காமவர் ‘ஆபத்து மிகக் குறைவு என்று கருதப்பட்டது’ என்று எழுதினால் மற்ற மூவரும் விடுவார்களா? யார் கருதினார்கள், எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று மல்லுக்கு நிற்பார்கள். மேற்கோள் எதற்கு என்று நாம் தனியாக வகுப்பெடுக்கவே வேண்டாம்.

குழு வேலை என்றாலே ஒருவர் எழுத மூவர் பெயர் போட்டுக்கொள்வார்கள் என்பீர்கள். நியாயமான பயம்தான். தேடலும் விவாதமும் சேர்ந்து நடக்கட்டும். முடிவுரையை ஆளுக்கு இரண்டு பக்கம் தனித்தனியாக எழுதட்டும். படித்த ஆவணங்களின் குறிப்பேட்டுக்கும் வரைவுகளுக்கும் மதிப்பெண் வையுங்கள். ஒரு சின்ன வைவாவும் (வாய்மொழித் தேர்வு) வையுங்கள். படிக்காதவர் அங்கே மாட்டிக்கொள்வார். நால்வரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும் என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

அப்புறம், ஒன்றோடொன்று முரண்படும் ஆவணங்களைத் தேடித் தொகுப்பது லேசான வேலையில்லை. ஆசிரியருக்கு அதற்கான நேரத்தைப் பணிநேரக் கணக்கில் சேர்க்க வேண்டும். நூலகரையும் முதல் வாரத்திலிருந்தே வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். ஒரு குழு முடித்த கோப்பை அடுத்த ஆண்டு மாணவர்கள் கையில் கொடுத்துப் பிழை தேடச் சொல்லலாம்.

எல்லாத் துறைகளிலும் உடனே மாற்றச் சொல்லவில்லை. வரும் பருவத்தில் ஒரே ஒரு பிரிவில் நடத்திப் பார்க்க அனுமதி கொடுங்கள். பருவ முடிவில் அந்த மாணவர்களின் கட்டுரைகளையும் மற்றப் பிரிவினரின் கட்டுரைகளையும் பெயரை மறைத்துத் தருகிறோம். நீங்களே படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
எழுத்துத் தாள் நடத்தும் ஆசிரியர் ஒருவர்