மெடிக்கல் தம்பிக்கும் மத்த எல்லாருக்கும், கேசரி வீட்டுலேர்ந்து

எல்லாருக்கும் வணக்கம். கேசரிங்கிற பூனைக்குட்டிய மழையில வடிகால்லேர்ந்து எடுத்த கதையும் அதுக்கப்புறம் நடந்த கூத்தும் உங்களுக்கே தெரியும், பாதி பேர் குடை புடிச்சுட்டு நேர்லயே நின்னீங்க, அதனால அத மறுபடி ஓட்டல. கேசரி நல்லா இருக்கான். வந்த அன்னிக்கு மளிகைக்கடை தராசுல 380 கிராம், நேத்து 740. கேசரின்னா சிங்கம்னும் அர்த்தம்னு எங்க மாமனார் சொல்றார், நாங்க என்னமோ கலர பாத்துதான் வெச்சோம். சிங்கம் இப்போ எங்க வீட்டுக்காரரோட ஷூக்குள்ள தூங்குது.

முதல்ல மொத்தமா ஒரு கும்பிடு போட்டுடறேன். கீழ் வீட்டு பாட்டி, பழைய வேட்டிய கிழிச்சு கிழிச்சு குடுத்தீங்க, அது இல்லன்னா சுடுதண்ணி பாட்டில எதுல சுத்தியிருப்பேன்னு தெரியல. ராத்திரி பதினோரு மணிக்கு மடிப்பாக்கத்துலேர்ந்து டாக்டர் வீட்டுக்கு வந்துட்டு மீட்டர் காசு கூட வாங்காம போன ஆட்டோ அண்ணன். பசும்பால் குடுத்தா வயித்தால போகும்னு தலையில அடிச்சு சொன்ன டாக்டரம்மா. ஸ்கூல் விட்டு வந்ததும் கதவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் துண்டு மாத்தி போடுற டியூட்டிய எடுத்துக்கிட்ட மாடி வீட்டு வாண்டு. கேசரி படுத்த துண்டு எங்க நாய்ங்க சுந்தரி, பீமா கிட்ட, நாய்ங்க படுத்த துண்டு கேசரி ரூமுல, ஒரு வாரம் வாசனை மட்டும்தான், மூஞ்சிய காட்டவே இல்ல. அப்புறம் மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் சோறு. சுந்தரி பொறந்தது தெருவுல, ஒன்பது வயசாகியும் பூனைன்னா அசையாம ஒரு பார்வை பாப்பா பாருங்க, அந்தப் பார்வைக்குத்தான் நான் பயந்தேன், பத்து நாள் கயிறு இல்லாம அவள ஹாலுக்கே விடல. பீமா லேப்ரடார், பதினோரு வயசு, மூட்டு வலி, பாவம் அவன்தான் கேசரிய பாத்து சோஃபாவுக்கு பின்னாடி ஒளிஞ்சான். பீமா சந்தோஷமா வால ஆட்டுறான், கேசரி கோவத்துல வால ஆட்டுறான், ரெண்டு பேருக்கும் மத்தவன் என்ன சொல்றான்னே புரியாம ஒரு வாரம் ஓடுச்சு, எங்களுக்கும் தான்.

சரி, நான் எழுத வந்தது வேற. வியாழக்கிழமை நடந்தது உங்கள்ல யாருக்கும் தெரியாது.

புதன்கிழமை ராத்திரிதான் கேசரி முதல் தடவையா தானா போய் பீமா கழுத்தோரம் படுத்தான். முன்னங்காலுக்கும் கழுத்துக்கும் நடுவுல ஒரு குழி இருக்கும்ல, அதுல. பீமா மூச்ச கூட மெதுவா விட்டான். நான் அழுதுட்டேன், ஃபோட்டோ எடுத்தேன், உங்கள்ல நிறைய பேருக்கு அனுப்பினேன், ஹார்ட் போட்டீங்க.

மறுநாள் சாயங்காலம் இவர் ஆஃபீஸ்லேர்ந்து வர்ற வழியில மாசா மாசம் வாங்குற உண்ணி மருந்து வாங்கிட்டு வந்தார். போன வருஷம் பீமாவுக்கு உண்ணி கடிச்சு டிக் ஃபீவர் வந்து பிளேட்லெட் இறங்கி நாங்க பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அதுலேர்ந்து நாங்க ஒரு மாசம் கூட விட்டதில்ல. சின்ன டியூப், நுனிய வெட்டி கழுத்துக்கு பின்னாடி முடிய விலக்கி தோல் மேல விடணும், அவ்ளோதான். இவர் கத்திரிய எடுத்துட்டு தரையில உக்காந்துட்டார். கேசரி அப்பவும் அந்த கழுத்தோரத்துலயே தான் இருந்தான், இவர் அவன மெதுவா நகர்த்தி விட்டு "இருடா, அண்ணனுக்கு மருந்து போட்டுட்டு தரேன்"ன்னார். அப்போ ஃபோன்.

எடுத்தா அந்த மெடிக்கல்ல இருக்கிற தம்பி. "சார், பூனைக்குட்டி பால் பவுடர் வாங்குற வீடு தானே? அக்கா இதே நம்பர் தான் குடுப்பாங்க. அந்த உண்ணி மருந்த போட்டுட்டீங்களா? போடாதீங்க சார், பூனை செத்துடும்."

அவ்ளோதான் சொன்னான். கடைய மூடும்போது பில்ல சரி பாத்துருக்கான், நம்பர் ஒண்ணா இருக்கேன்னு தோணிருக்கு. யோசிச்சு பாருங்க, தோணாம கூட இருந்திருக்கலாம், எத்தன பில்லு, எத்தன நம்பர்.

அதுல பெர்மெத்ரின்னு ஒரு மருந்து இருக்காம். நாய்க்கு ஒண்ணும் செய்யாது. பூனையோட கல்லீரலால அத உடைச்சு வெளிய தள்ள முடியாது, உடம்பு நடுங்கி வலிப்பு வந்து உயிரே போயிடும். பூனை மேல போடணும்னு கூட இல்ல, மருந்து காயாத நாய ஒட்டி படுத்தாலோ நக்கினாலோ போதும்னு மறுநாள் டாக்டரம்மா சொன்னாங்க, எனக்கு கால் நடுங்கிடுச்சு. மூணு வாரமா நாங்க வேண்டிக்கிட்டதே அது ரெண்டும் ஒட்டி படுக்கணும்னு தானே. டப்பாவ திருப்பி பாத்தா பொடி எழுத்துல போட்டுருக்கு, பூனைக்கு கூடாதுன்னு. ரெண்டு வருஷமா வாங்குறோம், படிச்சதே இல்ல. பூனை இல்லாத வீட்டுல எதுக்கு படிக்கணும், இல்லையா.

இதோட விடல தம்பி. டாக்டரம்மாவுக்கு அவனே ஃபோன் பண்ணி கேட்டு, நாய்க்கு வாயில குடுக்குற உண்ணி மாத்திரை ரெண்டு எடுத்துக்கிட்டு, ஒன்பதரை மணிக்கு டிவிஎஸ் எக்ஸெல்ல வந்து நின்னான். விலை ஜாஸ்தி, மிச்சத்த அப்புறமா பாத்துக்கலாம்க்கான்னு சொல்லிட்டான். உள்ள வாப்பா ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு போன்னா கேட்டத் தாண்டவே மாட்டேங்குறான். கடைசில தான் ஒத்துக்கிட்டான், அவனுக்கு நாய்ன்னா பயமாம்! நாய் மருந்து விக்கிற கடையில வேலை, நாய்ன்னா பயம். கேட்டுக்கு வெளிய நின்னே காப்பி குடிச்சான், டம்ளர கம்பி வழியா குடுத்தேன்.

அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. எழுந்து எழுந்து வந்து பாத்தேன், கழுத்தோரத்துல அந்த ஆரஞ்சு உருண்டை ஏறி இறங்குது. பேர் கூட கேக்கலையேன்னு அப்போதான் உறைச்சுது, மூணு வாரமா "தம்பி, பால் பவுடர்"னே ஓட்டியிருக்கேன். மறுநாள் போய் கேட்டுட்டேன், ஆனா இங்க போடாதீங்கக்கா, ஓனர் கிண்டல் பண்ணுவார்ன்னான். போடல.

இனிமே எந்த மருந்து டப்பாவையும் கடையிலயே நின்னு கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுதான் காசு குடுப்பேன், பின்னாடி க்யூ நின்னாலும் சரி. உண்ணி மருந்து வாங்குறவங்கள பாத்தா "வீட்டுல பூனை இருக்கா"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டேன், நேத்து ஒருத்தர் ஒரு மாதிரி பாத்துட்டு போனார்.

சனிக்கிழமை கேசரிக்கு முதல் தடுப்பூசி. தம்பி, நீ ஞாயித்துக்கிழமை கட்டாயம் வரணும், மத்தியான சாப்பாடு இங்கதான். பீமாவையும் சுந்தரியையும் உள் ரூமுல விட்டு கதவ சாத்திடறேன். கேசரிய மட்டும் சாத்தி வைக்க முடியாது, அவன் உன் ஷூக்குள்ள தான் இருப்பான், கிளம்பும்போது பாத்து போட்டுக்கோ.